999இல் 'ஏ' வந்தால் போதுமா?

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவர்களுக்கு பில்லிங் செய்வது, அதாவது சிகிச்சைக்கான பணத்தை இன்ஷூரன்ஸ்காரர்களிடம் கேட்டு அனுப்புவதுதான் என் வேலை. டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள், 999 என்ற பதில் கோப்பில் 'ஏ' (ஏற்கப்பட்டது) என்ற எழுத்தைப் பார்த்ததும் க்ளெய்ம், அதாவது பணம் கேட்கும் விண்ணப்பம், சேர்ந்துவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

க்ளெய்ம்களை வைத்து நாம் அனுப்பும் மின்கோப்புக்குப் பெயர் 837. அதற்கு மூன்று உறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க வரி, ஒரு முடிவு வரி. வெளியே ஐஎஸ்ஏ, ஐஇஏ. அதற்குள் ஜிஎஸ், ஜிஇ. அதற்கும் உள்ளே எஸ்டி, எஸ்இ. க்ளெய்ம்கள் இருப்பது இங்கேதான். ஐஎஸ்ஏ வரி எப்போதும் 106 எழுத்து. அதிலுள்ள 9 இலக்க கன்ட்ரோல் நம்பர் ஐஇஏவிலும் அப்படியே வர வேண்டும். எஸ்இயில், எஸ்டியையும் எஸ்இயையும் சேர்த்து மொத்தம் எத்தனை செக்மென்ட் (தகவல் வரி) என்ற கணக்கு இருக்கும். யாராவது கோப்பை நோட்பேடில் திறந்து ஒரு செக்மென்ட்டை அழித்துவிட்டு இந்தக் கணக்கைத் திருத்தாமல் விட்டால் 999இல் 'ஆர்' (நிராகரிக்கப்பட்டது) வரும். அந்த எஸ்டிக்குள் இருந்த நல்ல க்ளெய்ம்களும் சேர்ந்தே திரும்பிவிடும்.

வெளி உறையில் கோளாறு என்றால் டிஏ1 என்ற பதில் சொல்லும். உள்ளே கோப்பு விதிப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று 999 சொல்லும். அவ்வளவுதான். நோயாளியின் மெம்பர் ஐடியில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் 999க்கு அது தெரியாது, 'ஏ' போட்டுவிடும். அதைப் பிடிப்பது 277சிஏ என்ற இன்னொரு பதில் கோப்பு. அது ஒவ்வொரு க்ளெய்முக்கும் தனித்தனியாகப் பதில் தரும். ஏ2 என்றால் பரிசீலனைக்குள் எடுத்துக்கொண்டார்கள். ஏ3, ஏ7 என்றால் வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

இப்படித் திரும்பியதைத்தான் நான் மிகவும் பயத்தோடு பார்க்கிறேன். பரிசீலித்த பிறகு டினையல் (பணம் மறுப்பு) ஆனால், பண விவரம் சொல்லும் 835 கோப்பில் காரணம் வரும், அப்பீல் செய்யலாம். வாசலில் திரும்பிய க்ளெய்முக்கு 835 வரவே வராது, அப்பீலுக்கும் வழியில்லை. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரைப் பொறுத்தவரை அது தாக்கல் செய்யப்பட்டதாகவே கணக்கில்லை. ஆனால் சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு என்ற கெடு ஓடிக்கொண்டிருக்கும். கெடு தாண்டினால் நஷ்டம் மருத்துவருக்கு. நோயாளியிடம் அந்தப் பணத்தைக் கேட்கவும் முடியாது. சின்ன கிளினிக்குகளுக்கு இது பெரிய அடி.

அதனால் ஷிஃப்ட் தொடங்கியதும் முதல் வேலை இதுதான்: முந்தைய நாள் அனுப்பிய 837இல் எத்தனை க்ளெய்ம், 277சிஏவில் ஏற்றது எத்தனை, திருப்பியது எத்தனை என்று டேலி செய்யுங்கள். திரும்பியதை அன்றைக்கே திருத்தி அனுப்புங்கள். எதிலும் பெயர் வராத க்ளெய்ம் ஒன்று இருந்தாலும், நம் கோப்பை வாங்கி இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனமான கிளியரிங்ஹவுஸுக்கு உடனே போன் போட்டு அது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.