பூவார் பொழியில் முங்கிய 105

களியக்காவிளை பஸ்ஸில் கண்டக்டர் என் பையைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "கீபோர்டா தம்பி? சர்ச்சுல வாசிக்கியளா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் நீளப் பையோடு போகிறவனை வேறு என்னவென்று நினைப்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். உள்ளே இருந்தது 105 செ.மீ. நீளமுள்ள கைட் ஃபாயில் போர்டு, வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, லக்கேஜ் டிக்கெட் கூட கேட்கவில்லை என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமையைத் தொலைத்த கதைதான் இது.

கைட் ஃபாயில் என்றால் தெரியாதவர்களுக்கு: நம்மைப் பட்டம் இழுக்கும், காலுக்கு அடியில் ஒரு பலகை, பலகைக்கு அடியில் முக்கால் மீட்டருக்கோ அதற்கு மேலோ ஒரு கம்பம், கம்பத்தின் நுனியில் விமானத்துக்கு இருப்பது போல இறக்கை. கொஞ்சம் வேகம் வந்ததும் இறக்கை தூக்கிக்கொடுக்க, பலகை தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். சாதாரண கைட் போர்டு நகர மறுக்கிற பத்துப் பன்னிரண்டு நாட் (மணிக்கு ஏறக்குறைய இருபது கி.மீ.) காற்றிலும் இது ஓடும். கேரளக் கரையோரம் மாசி பங்குனி மதியங்களில் வடமேற்கிலிருந்து வருகிற கடல்காற்று ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும், அதனால்தான் இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது. ராமேஸ்வரத்தில் இடுப்பளவு சமதண்ணீரில், பயிற்சிக்காரர்களின் பெரிய போர்டில், ஒரு வாரம் கற்றுக்கொண்டு வந்தவன் நான். அங்கே ஓட்டிய பலகையின் அளவு என்ன என்று ஒருநாள் கூட கேட்கவில்லை பாருங்கள், அதுதான் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு கணக்கில். பலகையின் கன அளவை லிட்டரில்தான் சொல்வார்கள், யாரோ 'உடல் எடைக்கு மேல் இருபது லிட்டர்' என்று சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். நான் 78 கிலோ, அப்படியென்றால் 98 லிட்டர். தேடினால் வந்ததெல்லாம் குட்டித் தோணி கனத்தில் இருந்தன. பிறகுதான் புரிந்தது, அது விங் ஃபாயிலுக்கான கணக்கு. அதில் பட்டம் கிடையாது, விங் என்கிற காற்றடைத்த பாயைக் கையில் பிடித்துக்கொண்டு பலகை மேல் முட்டி போட்டு ஏறி நிற்க வேண்டும், அதனால் பலகை ஆளைத் தாங்கி மிதக்க வேண்டும். கைட்டில் பட்டமே நம்மைத் தண்ணீரிலிருந்து பிடுங்கி எடுத்துவிடுகிறது, பலகை ஆளைச் சுமக்க வேண்டியதில்லை, இருபது முப்பது லிட்டர் இருந்தாலே தாராளம். அட, லிட்டரே தேவையில்லையா என்று ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்தேன். போதாததற்கு 2024 ஒலிம்பிக் கைட் ஃபாயில் போட்டியில், மார்செய் கடலில் சிங்கப்பூர்ப் பையன் மேக்ஸ் மேடர் பதினேழு வயதில் வெண்கலம் வாங்கியதை நான்கைந்து முறை பார்த்திருந்தேன். கடைக்காரர், பேர் வேண்டாம், "சின்னது வாங்குங்க, வளர்ந்து அதுக்கு வந்துடுவீங்க" என்றார். முப்பத்தெட்டு வயதில் இன்னும் எங்கே வளர்வது.

சரி, ஊருக்கு வருவோம். கொல்லங்கோடு தாண்டி நீரோடியில் இறங்கினேன். தமிழ்நாட்டுக் கடற்கரையின் கடைசி ஊர். அங்கே பட்டம் விரிக்க மணல் இல்லை. கடலரிப்புக்குப் போட்ட கல்லும் தூண்டில் வளைவும்தான் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. இருபத்திரண்டு மீட்டர் கயிற்றை அந்தக் கல் நடுவில் விரிப்பது தற்கொலை. ஆட்டோ பிடித்துப் பொழியூர் வழியாகப் பூவார் பக்கம் போனேன், நெய்யாறு கடலில் விழுகிற பொழி. இந்தப் பக்கம் ஆற்று நீர், அந்தப் பக்கம் கடல், நடுவில் மணல் திட்டு. ஆற்றுக்குள் சுற்றுலாப் படகும் தென்னை மறைப்பும் இருப்பதால் அங்கே பட்டம் விடுவது ஆகாத காரியம், கடல் பக்கம்தான். ஞாயிறு என்பதால் யாரும் கடலுக்குப் போகவில்லை, கரமடி வலை இல்லை, அதைக் கணக்குப் பண்ணித்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

பூசை முடிந்து வெள்ளை வேட்டியோடு வள்ளத்து நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் போர்டைத் தூக்கிப் பார்த்தார், இறக்கை விளிம்பைக் கட்டை விரலால் தடவினார். "கச்சான் மூணு மணிக்குத்தான் ஏறும் மக்கா. அதுவரைக்கும் இருந்து சாயா குடி" என்றார், கடல்காற்றைத்தான் சொன்னார். குடித்தேன், கூடவே இரண்டு பழம்பொரி.

மூன்றரைக்குக் காற்று வந்தது, பத்து நாட், நடுநடுவே அதுவும் செத்துச் செத்து. என்னிடம் இருந்தது 12 சதுர மீட்டர் பட்டம். அந்தக் கரை செங்குத்து, நாலடி வைத்தால் நெஞ்சளவு தண்ணீர். கம்பம் தரை தட்டாது, ஆனால் அலை கரையிலேயே உடைகிறது. அதைத் தாண்டிப் போய்ப் படுத்துக்கொண்டு, காலைப் பலகை மேல் வைத்துப் பட்டத்தை இறக்கினேன். பின்கால் அழுந்தியதும் பலகை அப்படியே முங்கியது. இரண்டு விரல் கனம்தான், பிடித்து நிற்க அதனிடம் ஒன்றுமே இல்லை. பலமான காற்றென்றால் பட்டத்தின் இழுவையிலேயே அது வெளியே வந்திருக்கும். செத்த காற்றில் பலகை கொஞ்ச தூரமாவது தண்ணீர் மேல் வழுக்கினால்தான் இறக்கைக்கு வேகம் கிடைக்கும், முங்கிக் கிடக்கிற பலகை எங்கே வழுக்குவது. ஏழாவது முயற்சியில் எழும்பினேன், பத்து விநாடி பறந்தேன், கீழே தொட்டதும் பலகையின் மூக்கு குத்தி, நான் பட்டத்தின் பின்னால் தலைகுப்புற.

கரையிலிருந்து கைதட்டினார்கள். பிள்ளைகள்தான்.

அப்போதுதான் திருவனந்தபுரத்திலிருந்து நண்பன் வந்து சேர்ந்தான், கையில் 140 செ.மீ. போர்டு, 48 அகலம், நாலு விரல் கனம். "டேய், இதுல ஏறு, பேசாம ஏறு" என்றான். என் கம்பத்தைக் கழற்றி அதில் மாட்டவே அரை மணி நேரம் ஆனது. அடியில் இருக்கும் இரண்டு தண்டவாளங்களும் எல்லாப் போர்டிலும் பெரும்பாலும் 90 மில்லிமீட்டர் இடைவெளிதான், பொருந்திவிடும், ஆனால் பள்ளத்தில் மணல் ஏறி நட்டு நகரவே இல்லை. ஒரு சின்னப் பெண் எங்கிருந்தோ தென்னை ஈர்க்குச்சி கொண்டுவந்து கொடுத்தாள். அதை வைத்துச் சுரண்டச் சுரண்ட ஈர மணல் புழுப் புழுவாக வெளியே வந்தது. அடுத்த பயணத்துக்கு நான் எடுத்துவைக்கப்போகும் முதல் சாமான் ஈர்க்குச்சிதான். கம்பத்தை ஒரு விரல்கடை பின்னால் தள்ளி வைத்தான், தூக்கல் குறைந்து முன்கால் லேசாகும் என்று.

அதே பட்டம், அதே காற்று, அதே நான். இரண்டாம் முறையிலேயே எழுந்துவிட்டேன். கீழே தொட்டால் முன்பக்க வளைவு தண்ணீரை அறைந்து, பலகை தானே மறுபடி மேலே வந்தது. மேலே போன பிறகு சின்னப் பலகைதான் சுகம், அதை மறுக்க மாட்டேன். காலுக்கடியில் கனமே தெரியாது, நினைத்த பக்கம் திரும்பும், 140 திரும்பும்போது கொஞ்சம் கதவு மாதிரிதான். ஆனால் பறக்கும்போது பலகை தண்ணீரைத் தொடுவதே இல்லை. எழும்புகிற நேரத்துக்கும் விழுகிற நேரத்துக்கும்தான் அந்த அளவெல்லாம், எனக்கு அன்றைக்கு முக்கால்வாசி நேரம் அந்த இரண்டிலேயே போனது. பத்து முறை திரும்பி ஒன்பது முறை விழாமல் வருகிறவன் 105 வாங்கட்டும். என் எடையில், செத்த காற்றில், 135க்குக் கீழே நான் இனி பார்க்கப்போவதில்லை.

ஆறு மணிக்குக் காற்று நின்றது. நண்பன் வீட்டில் மரச்சீனியும் சாளைக் குழம்பும் தின்றுவிட்டு ராத்திரி பஸ்ஸில் நாகர்கோவில். 105 இப்போது பரணில் இருக்கிறது. 140 அளவில் பழைய போர்டு யாராவது விற்பதாக இருந்தால் சொல்லுங்கள், கொச்சி வரைக்கும் வந்து எடுத்துக்கொள்கிறேன், லக்கேஜ் டிக்கெட்டும் போட்டுவிடுகிறேன்.