மூன்று கணக்குக்குப் பிரித்து அனுப்பும் கான்ட்ராக்ட்: மூன்று ராத்திரிக் கதை

நினைத்தது சின்ன வேலைதான். எத்தீரியம் பிளாக்செயினில் தானாக ஓடும் நிரலான ஒரு கான்ட்ராக்டில் ஈதர் (அந்த பிளாக்செயினின் நாணயம்) போட்டால் அது மூன்று முகவரிகளுக்குச் சமமாகப் பிரித்து அனுப்ப வேண்டும். அதற்கான சாலிடிட்டி மொழியில் எழுதி, ரீமிக்ஸ் என்ற சோதனைக் கருவியில் ஓட்டிப் பார்த்தேன், அங்கே ஒவ்வொரு சோதனைக் கணக்கிலும் 100 ஈதர் சும்மா கிடைக்கிறது, கைக்காசு போகாது.

முதல் ராத்திரி ஒரு லூப், உள்ளே பணம் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கட்டளை. 3 ஈதர் போட்டேன், ஆளுக்கு 1 போய்ச் சேர்ந்தது. அப்புறம் வேண்டுமென்றே 100 வெய் (ஈதரின் மிகச் சிறிய அலகு) போட்டால் ஆளுக்கு 33, மிச்சம் 1 வெய் உள்ளேயே தங்கிவிட்டது. சாலிடிட்டியில் தசமக் கணக்கு கிடையாது. கடைசி ஆளுக்கு மிச்சத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மூன்றாவது முகவரியில், பணம் வாங்கும் ரிசீவ் ஃபங்ஷன் இல்லாத இன்னொரு கான்ட்ராக்டை வைத்தேன். மொத்தமும் ரிவர்ட்! முதல் இரண்டு பேருக்குப் போனதும் திரும்பி வந்துவிட்டது, பந்தியில் ஒருத்தர் இலையை மூடினால் எல்லார் சாப்பாட்டையும் அள்ளிக்கொண்டு போவது மாதிரி. சரி, ரிசீவ் எழுதி உள்ளே ஒரு எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னால் அதுவும் விழுகிறது, ஏனென்றால் டிரான்ஸ்ஃபர் கூடவே கொடுக்கும் 2300 கேஸ் (நிரல் ஓடுவதற்கான செலவு அலகு) ஸ்டோரேஜில், அதாவது நிரந்தரச் சேமிப்பில், எழுதப் போதாது.

அதனால் மூன்றாம் நாள் அனுப்புவதையே விட்டுவிட்டேன். யாருக்கு எவ்வளவு என்று மேப்பிங்கில் (முகவரிவாரிப் பட்டியல்) குறித்து வைப்பது மட்டும்தான் கான்ட்ராக்டின் வேலை, அவரவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும். பணம் கொடுக்க டிரான்ஸ்ஃபருக்குப் பதில், அந்த 2300 வரம்பு இல்லாத கால் (call) கட்டளை. இதில்தான் பெரிய ஓட்டை. பணத்தை அனுப்பிவிட்டு அதன் பிறகு பாக்கியைப் பூஜ்யமாக்கும்படி வைத்து, பணம் வந்ததும் திரும்பத் திரும்ப எடுக்கிற ஒரு திருட்டு கான்ட்ராக்டை மூன்றாவது ஆளாக்கினேன். அதன் பங்கு 1 ஈதர், எடுத்தது 3. 2016 ஜூனில் டிஏஓ (The DAO) என்ற கூட்டு முதலீட்டுக் கான்ட்ராக்டில் சுமார் 36 லட்சம் ஈதர் போனதும் இந்த ரகம்தான்.

வேடிக்கை என்னவென்றால், பூஜ்யமாக்காமல் தொகையைக் கழித்திருந்தால் திருட்டு பலித்திருக்காது, சாலிடிட்டி 0.8 பதிப்பு முதல் கழித்தல் பூஜ்யத்துக்குக் கீழே போனால் தானாகவே ரிவர்ட். அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பூஜ்யமாக்கும் வரியை மேலே ஏற்றி, பாக்கி இல்லையென்றால் வெளியே போ என்று ஒரு சோதனையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை பேராசையில் இரண்டாம் முறை கை நீட்டிய திருடனுக்கு, மொத்தமும் ரிவர்ட் ஆனதால், தன்னுடைய 1 ஈதரும் கிடைக்கவில்லை.