நாலாவது தட்டில் வந்த நீல வட்டம்

சனிக்கிழமை இரவு பத்து மணி இருக்கும். சூடு ஆறாமல் காக்கும் ஐஸ் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். இளஞ்சிவப்புப் பரப்புக்கு நடுவில் பளிச்சென்று ஒரு நீல வட்டம். "அம்மா, வந்துருச்சு!" என்று கத்தினேன். "தண்ணியா?" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அன்று காலையிலிருந்து பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தட்டைக் காட்டியதும் அவர் முகம் போன போக்கை எழுத முடியாது.

மூன்று மாதமாக இதன் பின்னால் அலைகிறேன். கேள்வி சின்னதுதான். கடைத் தயிரில் நிசின் (உணவு கெடாமலிருக்கப் போடும், பாக்டீரியாவைக் கொல்லும் பொருள்) கலந்தால் அடுத்த தடவை உறையவே மாட்டேன் என்கிறது. அதே அளவு நிசினை அம்மாவின் உறைமோரில் கலந்தால் கொஞ்சம் தாமதமானாலும் உறைந்துவிடுகிறது. ஏன்? அந்த உறைமோர் எங்கள் பாட்டி தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து கைமாறி வருவது என்பது அம்மாவின் கணக்கு. நடுவில் எத்தனை தடவை பக்கத்து வீட்டில் கடன் வாங்கினார் என்பதை அவர் சொல்வதில்லை.

முதல் மாதம் முழுக்க வீண். இணையத்தில் நிசின் என்று போட்டு ஐம்பது கிராம் வாங்கினேன். நாற்பது வெள்ளிக்கு மேல். எவ்வளவு போட்டாலும் தயிர் பாக்டீரியாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. என் கைதான் சரியில்லை என்று மூன்று வாரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பொட்டலத்தின் அடியில் பொடி எழுத்தில் பார்த்தால் இ235. நிசின் இ234. இ235 என்பது நாட்டமைசின், பூஞ்சணத்தையும் ஈஸ்டையும் மட்டும் தடுப்பது. பாக்டீரியா அதைப் பற்றிக் கவலைப்படாது. விற்றவருக்கு எழுதினேன். "இரண்டும் தயிருக்குப் போடுவதுதான்" என்று பதில் வந்தது. பணம் திரும்ப வரவில்லை. வாங்குகிறவர்கள் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது நிறம். பாலும் பாக்டீரியாவும் கலந்த அகாரை (கடற்பாசிக் கூழ்) தட்டில் ஊற்றி, நடுவில் குழி போட்டு நிசின் விட வேண்டும். நிசின் கொன்ற இடம் குழியைச் சுற்றி வட்டமாகத் தெரிய வேண்டும். ஆனால் பால் கலந்த அகாரில் எது வளர்ந்திருக்கிறது, எது செத்திருக்கிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாமே வெள்ளை. பாக்டீரியா புளிப்பாக்கும் இடம் நிறம் மாறினால் தெரியும் என்று சங்குப்பூவைப் போட்டேன். வேலியில் சும்மா பூக்கிறது, பினாங்கில் புலுட் தாய் தாய் பலகாரம் செய்கிறவர்கள் எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் நீலம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தயிரின் புளிப்பு பிஎச் 4.5 பக்கம்தான். சங்குப்பூ அதற்கெல்லாம் அசையாது, எலுமிச்சைச் சாறு அளவுக்குப் போனால்தான் ஊதாவாகும். ஊதா முட்டைக்கோஸை வேகவைத்து வடிகட்டிய சாறு இந்த வேலைக்கு நன்றாக வருகிறது. புளிக்காத பாலில் நீலம், புளித்ததும் இளஞ்சிவப்பு. வாடைதான் தாங்க முடியாது.

இப்போது என்னைப் பாடாய்ப் படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். அகார்.

சரியான நிசின் வந்த பிறகும் இரண்டு தட்டில் வட்டம் வரவே இல்லை. நான் வாங்குவது 2.5 சதவீதப் பொடி, முக்கால் பங்கு உப்பு. நூறு மில்லிகிராமைப் பத்து மில்லி நீர்த்த வினிகரில் கரைத்தால் மில்லிக்கு 250 மைக்ரோகிராம் நிசின். அது போதாமல் போக வாய்ப்பே இல்லை. (வினிகரை நீர்க்காமல் ஊற்றிய முதல் தட்டில் குழியைச் சுற்றி வினிகரே ஒரு இளஞ்சிவப்பு வளையம் போட்டது. அதைப் பார்த்துக் குழம்பியது தனிக்கதை. அதனால் இப்போது ஒவ்வொரு தட்டிலும் வெறும் உப்பும் வினிகரும் போட்ட குழி ஒன்று கட்டாயம் இருக்கும்.) பெரியம்மா மகள் மைக்ரோபயாலஜி படித்தவர். அவருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, என்ன அகார் போடுற?"

"பாசார்ல வாங்குன இழை அகார்-அகார்தான்க்கா. ஒன்றரை சதவீதம்."

"அப்ப உன் நிசின் பாக்டீரியாகிட்ட போயே சேரல. அகாரே புடிச்சு வச்சிக்கிச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. நிசின் 34 அமினோ அமிலம் கொண்ட சின்னப் பெப்டைடு (புரதத் துணுக்கு மாதிரி), நேர்மின்னூட்டம் உள்ளது. பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின். அந்த ஈர்ப்பில்தான் போய் ஒட்டுகிறது, பிறகு செல்சுவர் கட்டும் லிப்பிட் 2 மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகிறது. ஆனால் கடற்பாசியிலிருந்து வரும் அகாரிலும் எதிர்மின் சல்பேட் துணுக்குகள் உண்டு, சுத்தம் செய்யாத சமையல் அகாரில் இன்னும் அதிகம். குழியில் ஊற்றிய நிசின் இரண்டு மில்லிமீட்டர் நகர்வதற்குள் அகாரில் மாட்டிக்கொள்கிறது. இத்தனைக்கும் நுண்ணுயிர் வளர்க்க அகாரைப் பயன்படுத்தும் யோசனையே 1880களின் தொடக்கத்தில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி தன் சமையலறையிலிருந்து எடுத்துக் கொடுத்தது, அவருக்கு அதைச் சொன்னது ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒருவர். அகார்-அகார் என்ற பேரே நம் ஊர் மலாய்ப் பேர். அதுவே எனக்கு எதிரி.

அக்கா சொன்னபடி மூன்றை மாற்றினேன். அகாரை 0.8 சதவீதமாகக் குறைத்தேன். வீட்டில் சோப்புச் செய்கிறவர்கள் வாங்கும் கடையில் பாலிசார்பேட் 20 (எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கும் திரவம்) வாங்கி ஒரு சதவீதம் கலந்தேன், அது இருந்தால் நிசின் ஒட்டாமல் நகர்கிறது. குழியில் ஊற்றியதும் தட்டை ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தேன், குளிரில் பாக்டீரியா தூங்கும், நிசின் மட்டும் மெதுவாகப் பரவும். காலையில் எடுத்து 37 டிகிரியில் வைத்தால் சரி. ஆனால் 0.8 சதவீத அகார் கொழகொழவென்று இருக்கிறது. உலோகக் குழலால் குழி போட்டு நடு வில்லையை எடுக்கும்போது சுற்றியுள்ளதும் கூடவே வருகிறது. குழியின் அடியில் மயிரிழை இடைவெளி விழுந்தால்கூடத் திரவம் தட்டுக்கும் அகாருக்கும் நடுவில் ஓடி, அமீபா மாதிரி ஒரு வடிவம் வரும். வட்டமாக இல்லாத வட்டத்தை நம்பாதீர்கள். இப்போது குழி போட்டதும் அடியில் ஒரு சொட்டு உருகிய அகாரை விட்டு அடைத்துவிடுகிறேன். வில்லையை எடுக்கக் காது கழுவும் ரப்பர் பல்பு. இந்த இரண்டையும் கண்டுபிடிக்கவே பதினோரு தட்டு குப்பைக்குப் போனது. மேலே நாலாவது தட்டு என்று போட்டது அதற்கப்புறம் எண்ண ஆரம்பித்த கணக்கு.

சரி, முடிவு. கடைத் தயிர்த் தட்டில் குழியின் விளிம்பிலிருந்து 11 மில்லிமீட்டர் நீலம். அம்மாவின் தட்டில் மூன்றுதான், அதுவும் உள்ளே ஏழெட்டு இளஞ்சிவப்புப் புள்ளிகள். உப்பு-வினிகர் குழிகள் இரண்டிலும் ஒன்றுமில்லை.

அம்மாவின் கூட்டத்தில் இருக்கும் எது தப்பிக்கிறது என்பது எனக்குத் தெரியாது. உறைமோரில் எத்தனை வகை இருக்கிறதோ. ஆனால் தப்பிக்கும் வழிகளைப் படிக்கப் படிக்க ராத்திரித் தூக்கம் போகிறது. மோரில் வாழும் லாக்டோகாக்கஸ் பாக்டீரியா சிலவற்றில் எ‌ன்எஸ்ஆர் என்று ஒரு புரதம் சவ்வில் ஊன்றி நிற்கிறது. நிசினின் வாலில் கடைசி ஆறு அமினோ அமிலத்தை வெட்டிவிடுகிறது. வால் போனால் வீரியமும் போச்சு. நிசினை உற்பத்தி செய்யும் வகைகள் தம் விஷத்தில் தாமே சாகாமலிருக்க நிஸ்-ஐ என்ற புரதத்தை மேலே வைத்திருக்கின்றன, அது வரும் நிசினைப் பிடித்துக்கொள்கிறது. இன்னும் சில செல்சுவரில் டி-அலனைன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்து எதிர்மின்னைக் குறைத்துக்கொள்கின்றன. நிசின் ஒட்டவே இடம் குறைவு.

அக்கா அனுப்பிய ஒன்றைப் படித்ததும் சிரித்துவிட்டேன். தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் மேல் முடி மாதிரி நீண்டிருக்கும் எம்1 புரதம், பாக்டீரியாவைக் கொல்ல நம் உடல் சுரக்கும் எல்எல்-37 பெப்டைடைச் சவ்வுக்கு வருவதற்கு முன்பே பிடித்து வைத்துக்கொள்கிறதாம். அட, என் பாசார் அகார் செய்த அதே வேலை! எல்லாப் புரதமும் இப்படிக் காவல்காரன் என்றும் சொல்ல முடியாது. ஈகோலை என்ற குடல் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இரும்பை உள்ளே எடுக்க எஃப்எச்யுஏ என்று ஒரு வாசல் இருக்கிறது. மைக்ரோசின் ஜே25 என்ற பெப்டைடு அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போய்க் கொல்கிறது. வாசலை இழந்த ஈகோலை தப்பித்துவிடும், ஆனால் அந்த வழியாக வரும் இரும்பும் போச்சு. இவற்றையெல்லாம் வீட்டில் வளர்க்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம். என் தட்டில் சாப்பிடுகிற பாக்டீரியா மட்டும்தான்.

அடுத்து லாக்டோபாசில்லஸ் ஹெல்வெட்டிகஸ் வேண்டும். சீஸ் செய்கிறவர்கள் வாங்கும் உறை அது. உடம்பு முழுக்க ஒரே புரதத்தால் பின்னிய எஸ்-லேயர் என்ற சட்டை போட்டிருக்கும். ஆய்வகத்தில் லித்தியம் குளோரைடில் ஊறவைத்து அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு ஒப்பிடுவார்களாம். அடுப்படியில் அது வேண்டாம். சட்டையோடு இருப்பதை நிசின் என்ன செய்கிறது என்று பார்த்தாலே போதும். கோலாலம்பூரில் ஒருவரிடம் இருக்கிறது என்றார்கள், ஆனால் நம் வெயிலில் தபாலில் வந்து சேர்வதற்குள் வெந்துவிடும். தீபாவளிக்கு அங்கே போகும் மாமாவிடம் ஐஸ் பெட்டி கொடுத்து அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த ஏழெட்டுப் புள்ளிகள். ஊசி முனையால் எடுத்து, காய்ச்சி ஆறிய பாலில் இரண்டு டம்ளர் உறைய வைத்தேன். மறுபடி தட்டில் போட்டால் வட்டம் இதைவிடச் சின்னதாக வருமா, இல்லை பழையபடி வருமா என்று பார்க்க வேண்டும். காலையில் எழுந்து பார்த்தால் ஃபிரிட்ஜில் ஒரு டம்ளர்தான் இருந்தது. சிங்கில் காலி டம்ளர், அடுப்பில் மோர்க்குழம்பு. அதைச் சாக்கடையில் கொட்டச் சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மிச்சமிருந்த டம்ளரைப் பெயர் எழுதி சம்பல் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். செவ்வாய் ராத்திரி தட்டு ஊற்றணும்.