வீட்டு வாசலில் நின்ற கம்பெனி வண்டியும் கணக்கில் வராத நேரமும்

பாளையங்கோட்டையில் டீசல் ஜெனரேட்டர்களை விற்றுப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் நான் சர்வீஸ் மெக்கானிக். தொடக்கத்தில், காலை 9 மணிக்குக் குடோனில் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படுவதும், மாலையில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்புவதுமே வழக்கமாக இருந்தது. வள்ளியூர், பணகுடி, திசையன்விளைப் பக்கம் மருத்துவமனைகளும் கல்யாண மண்டபங்களும் வாடிக்கையாளர்களாகப் பெருகியதும், வண்டியை மெக்கானிக்கின் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டு, காலையில் நேராக வேலையிடத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஏற்பாட்டை மாற்றினார்கள். முன்னீர்பள்ளத்தில் என் வீட்டு வாசலில் கம்பெனி வேன் நின்றதில் முதல் சில மாதங்கள் எனக்குப் பெருமைதான் என்பதை மறைப்பதற்கில்லை.

வேலை நேரம் 9 முதல் 6 வரை. நடுவில் ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. ஆனால் வாடிக்கையாளர் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதித் தரும் நேரம் மட்டுமே வேலை நேரமாகக் கொள்ளப்பட்டது. வள்ளியூரில் 9 மணிக்கு நிற்க வேண்டுமானால், நான் 7.15-க்கே புறப்பட்டு, வண்ணாரப்பேட்டைக்குச் சுற்றிப் போய் உதவியாளரை ஏற்றிக்கொண்டு, அதன் பிறகே நான்குவழிச் சாலையைப் பிடிக்க முடியும். முந்தின நாள் மாலையே ஃபில்டர், பெல்ட், ஆயில் கேன் எல்லாம் வண்டியில் ஏறியிருக்கும். போகிற வழியில் அலுவலகத்திலிருந்து போன் வந்தால், நாங்குநேரியில் யாருக்காவது ஒரு பேட்டரியை இறக்கிவிட்டுப் போக வேண்டியிருக்கும். இவ்வளவும் வேலைக்குப் ‘போகிற’ நேரம் என்றே கணக்கு.

2022-ல் ஒருநாள் இதை முதலாளியிடம் நேரிலேயே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “வண்டியும் நம்மது, டீசலும் நம்மது. பஸ்ஸுல போனா ஒனக்குத்தான செலவு? போதாததுக்கு பேட்டா வேற வாங்குதேல்லா தம்பி!” என்று சிரித்தார். பேட்டா 150 ரூபாய் என்பது வெளியூரில் சாப்பிடுவதற்கான காசு. அது நேரத்துக்கான கூலி எப்படி ஆகும் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இணையத்தில் தேடியபோது கிடைத்ததெல்லாம் அமெரிக்கச் சட்டமாக இருந்தது. அங்கே 1947-ல் வந்த ஒரு சட்டத்தின்படி வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் பயணத்துக்குப் பொதுவாக ஊதியம் இல்லை. 1996-ல் அதைத் திருத்தி, முதலாளி தந்த வண்டியில் போனாலும், வழக்கமான சுற்றுவட்டாரத்துக்குள் இருவரும் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டின்படி நடக்கும் பயணமானால், அது வேலை நேரம் ஆகாது என்று தெளிவாக்கியிருக்கிறார்கள். முதலாளியின் மகனும் பின்னாளில் இதையே அச்செடுத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்கு வந்தார் என்பது தனிக் கதை. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு வழி காட்டியவர் ஓய்வுபெற்ற தொழிற்சங்கப் பெரியவர் ஒருவர். அவரிடம் நான் முதலில் கொண்டுபோனது தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டம். முதலாளியின் அனுமதியோடு அவரது வண்டியில் வேலைக்குப் போய்வரும்போது நேரும் விபத்தை வேலையின்போது நேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று அதன் 51சி பிரிவு அப்போது சொன்னது. 1963-ல் உச்ச நீதிமன்றமும், வேலை முடிந்து தன் நிறுவனத்தின் இன்னொரு பேருந்தில் வீடு திரும்பும்போது விபத்தில் இறந்த, மும்பையின் ‘பெஸ்ட்’ என்ற நகரப் பேருந்து நிறுவனத்தின் ஓட்டுநர் ஒருவரின் மனைவிக்கு இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்திருக்கிறது. பயணம் வேலையின் பகுதி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். பெரியவர் தலையை ஆட்டினார். “அது அடிபட்டா வாங்குத இழப்பீடு தம்பி. சம்பளக் கணக்குக்கு இதக் காட்டுனா எதிர்த்தரப்பு ஒரு நிமிசத்துல தள்ளிரும்” என்றார்.

அடுத்தது கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம் என்று 1947-ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அதன் 4-ஆம் பிரிவு, பயணத்தை உட்கொண்ட வேலையைச் செய்கிறவர்களுக்குச் சட்டமே பொருந்தாது என்று விலக்களிக்கிறது. எந்தப் பயணத்துக்குக் கூலி கேட்கிறோமோ, அந்தப் பயணமே நம்மைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடும் என்பதை அறிந்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. எதிர்த்தரப்பு இதைத்தான் எடுக்கும் என்று பெரியவர் சொன்னார்; அப்படியே எடுத்தார்கள்.

ஆகவே அந்தச் சட்டத்தின் பக்கமே போகாமல், தொழில் தகராறுகள் சட்டத்தின்கீழ், ‘எது வேலை நேரம்’ என்பதையே தகராறாக எழுப்பினோம். வேலை நேரமும் ஓய்வு இடைவேளையும் அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இருந்தன. தனி ஒருவன் வேலைநீக்கத்துக்காகத் தகராறு எழுப்பலாம். இதுபோன்ற குறைக்குக் கூட்டாகத்தான் வர வேண்டும் என்பதால், மெக்கானிக்குகள் 5 பேரும் கையெழுத்திட்டோம். அதில் ஒருவரை இணங்க வைக்கவே 3 வாரம் ஆயிற்று. அவர் முதலாளிக்குத் தூரத்து உறவு. சமரச அலுவலரிடம் மனு கொடுத்தபின் 4 அமர்வுகள் நடந்தன. முதல் இரண்டில் வாய்தா தவிர வேறொன்றும் இல்லை.

மூன்றாவது அமர்வில்தான் விஷயம் திரும்பியது. நிறுவனம் கொண்டுவந்த ட்ரிப் ஷீட்டில் தொடக்கக் கிலோமீட்டர், முடிவுக் கிலோமீட்டர், டீசல் என்று மூன்று கட்டங்கள் இருந்தனவே தவிர, நேரம் எழுத இடமே இல்லை. நாங்கள் எப்போது புறப்பட்டோம் என்பதற்கு என்ன சான்று என்று நிறுவனத் தரப்பில் கேட்டார்கள். வேனின் ஃபாஸ்டேகை என் கைபேசி எண்ணில் பதிந்திருந்தார்கள். ரீசார்ஜ் செய்கிற தொல்லை அலுவலகத்துக்கு வேண்டாம் என்பதற்காக என் தலையில் கட்டியது அது. நாங்குநேரி சுங்கச்சாவடியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் வந்த குறுஞ்செய்திகளை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். அலுவலர் ட்ரிப் ஷீட்டை இடக்கைப் பக்கமும் என் கைபேசியை வலக்கைப் பக்கமும் வைத்துக்கொண்டு, ஒரு மாதத்துத் தேதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார்: காலை 8.09, 8.14, 8.06. மாலையில் 6.48, 7.20. பிறகு, “வண்டியில் யாருடைய பொருள் இருந்தது?” என்று மட்டும் கேட்டார். ஃபில்டர் பெட்டிகளின் விநியோகச் சீட்டுகளில் முந்தின நாள் தேதியும் என் கையெழுத்தும் இருந்தன. வண்டி யாருடையது என்பதை அதற்குப்பின் ஒருவரும் பேசவில்லை.

நான்காவது அமர்வில் 12(3) ஒப்பந்தம், அதாவது சமரச அலுவலர் முன்னிலையில் செய்துகொள்ளும் ஒப்பந்தம், கையெழுத்தாயிற்று. நிறுவனத்தின் பொருளோ உதவியாளரோ வண்டியில் இருக்கும் நாளில், வீட்டிலிருந்து போகும்போது அரை மணியும் வரும்போது அரை மணியும் சாதாரணப் பயணமாகக் கழித்துவிட்டு, மீதி நேரம் வேலை நேரமாகும். வெறும் வண்டியில் குடோனுக்குப் போய் அங்கிருந்து புறப்பட்டால், குடோனிலிருந்துதான் கணக்கு. இரட்டிப்பு ஊதியத்தை விட்டுக்கொடுத்தோம். அது தேவையற்ற இறக்கம் என்றே இன்றும் நினைக்கிறேன். தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனால் ஆண்டுக்கணக்காகும் என்ற அச்சமே எங்களை இறங்க வைத்தது. எனக்கு நாள் சம்பளம் 640 ரூபாய், அதாவது மணிக்கு 80. சான்று இருந்த 118 நாட்களுக்கு, நாளுக்குச் சராசரியாக 1 மணி 40 நிமிடம் என்று கணக்கிட்டு 15,700 ரூபாய் கொடுத்தார்கள். செய்தியைச் சேமிக்காத இருவருக்கு ஆளுக்கு 6,000 தான்.

இப்போது இதே வழியில் இறங்குகிறவர்கள் பிரிவு எண்களை அப்படியே எழுதிவிட வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது.

ஒப்பந்தம் கையெழுத்தான அடுத்த மாதமே ட்ரிப் ஷீட்டில் ‘புறப்பட்ட நேரம்’ என்று ஒரு கட்டம் அச்சாகி வந்தது. கூடவே, இரவில் எல்லா வண்டிகளும் குடோனில்தான் நிற்க வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. நான் இப்போது முன்னீர்பள்ளத்திலிருந்து என் பைக்கில், என் பெட்ரோலில் குடோனுக்குப் போகிறேன். வள்ளியூர் வேலை உள்ள நாட்களில் 7.30-க்கு அங்கே கையெழுத்துப் போடுகிறேன். சம்பளக் கணக்கும் 7.30-லிருந்தே ஓடுகிறது.