குளம்பில் எழுதிய எண்

மார்ச் 2
ராணுவத்தில் 16 வருடம் கோவேறு கழுதைகளோடுதான் இருந்தேன். எங்கள் வாயில் அது 'கச்சர்'. இதே வேலையைக் கடல் தாண்டிப் போய், போருக்கு நடுவில் செய்தவர்களைப் பற்றி இப்போது இரவில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன். மனதில் தங்குவதை இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் கலிபோலி; முதல் உலகப் போரில் சண்டை நடந்த துருக்கித் தீபகற்பம். 1915 ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களோடு இந்திய மலைப் பீரங்கிப் படையும் அங்கே அன்சாக் என்ற கரையில் இறங்கியது. பீரங்கியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கச்சர் முதுகில் ஏற்றினார்கள். அந்தக் கரையில் குடிக்கத் தண்ணீர் போதாது. கப்பலில் வந்த தண்ணீரை டின்களில் நிரப்பி, செங்குத்தான ஓடைகள் வழியாக மேலே பதுங்குகுழிகளுக்குக் கொண்டுபோனதும் கச்சர்கள்தான். பகலில் தலை காட்டினால் ஷெல் விழும். அதனால் பெரும்பாலான நடை இருட்டில். அவற்றைக் கட்டி வைத்திருந்த ஒரு பள்ளத்துக்கு 'மியூல் கல்லி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

காயம்பட்டவர்களைக் கழுதையில் ஏற்றிவந்த சிம்ப்சனை ஆஸ்திரேலியாவில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் தங்கியது கோஹட் பீரங்கிப் படையின் இந்தியக் கச்சர்காரர்களோடு. அது எத்தனை பேருக்குத் தெரியும்?

மார்ச் 5
இன்று படிக்கவில்லை. இருட்டில் பாரம் ஏற்றியிருப்பார்களே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேணத்துக்கு அடியில் கம்பளி போடுவோம். அதற்கு முன்னால் உள்ளங்கையால் முதுகு மயிரைப் படிய நீவ வேண்டும். கம்பளியில் விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு விழுந்தாலும் போதும், 70 கிலோ பாரத்தோடு நாலு மணி நேரம் ஏறினால் அந்த இடம் புண்ணாகிவிடும். அப்புறம் பல நாள் அது பாரம் தூக்காது. வாரை இறுக்கும்போது சில கச்சர்கள் வயிற்றை உப்பிக்கொள்ளும்; நூறடி நடத்திவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். விளக்கு கூடாது என்றால் இதையெல்லாம் விரலே பார்த்தாக வேண்டும். தலைக்கு மேலே ஷெல் போகிற இடத்தில், மிரண்டு நிற்கிற விலங்கின் முதுகில் நிதானமாகக் கையை ஓட்டியவர்கள் அவர்கள். எனக்கு அந்தக் கைகள் மீது பெரிய மரியாதை.

மார்ச் 9
இரண்டாம் உலகப் போர். பர்மா, 1944. சிண்டிட் என்ற பிரிட்டிஷ் தரப்புச் சிறப்புப் படையை ஜப்பானியர்களின் முதுகுக்குப் பின்னால் இறக்க, மார்ச் 5 இரவு இன்ஜின் இல்லாத கிளைடர் விமானங்கள் கிளம்பின. கச்சர்களும் விமானத்தில் போயின. காட்டில் கத்தினால் எதிரிக்குக் கேட்டுவிடும் என்று, மயக்கமருந்து கொடுத்து அவற்றின் குரல் நாண்களை முன்பே அறுத்திருந்தார்கள்.

தீவனப் பையோடு நாம் வருவது தெரிந்ததும் கச்சர்களைக் கட்டியிருக்கும் லைன் முழுக்க ஒரு சத்தம் கிளம்பும். என் காலை விடிந்ததே அதில்தான். கத்த வாயைத் திறந்து, சத்தம் வராமல் நின்ற கச்சருக்கு முன்னால் அதை நடத்திப்போன டிரைவர் என்ன செய்திருப்பான்? மனிதர்களின் உயிரைக் காக்கத்தான் செய்தார்கள், புரிகிறது. புரிந்தும் ஆறவில்லை.

மார்ச் 14
1940-ல் பிரிட்டிஷ் படைகள் கப்பலேறித் தப்பிய பிரெஞ்சுக் கரையான டன்கர்க் என்றால் காத்திருக்கும் கப்பல்களும் கரையில் நிற்கும் வீரர்களும்தான் நினைவுக்கு வரும். அங்கே இந்தியக் கச்சர் கம்பெனிகளும் இருந்தன. கே-6 படை என்று பெயர். பம்பாயிலிருந்து கப்பலேறி 1939 டிசம்பர் 26 அன்று பிரான்சின் மார்சே துறைமுகத்தில் இறங்கினார்கள். ஏறக்குறைய 2,000 கச்சர்கள். லாரிகள் திணறிய பனிக்காலத்தில் பாரம் இழுத்தன.

மே மாதம் ஜெர்மானியர்கள் நெருங்கிவிட்டார்கள். கடற்கரைக்குப் போன கம்பெனிகளுக்கு உத்தரவு வந்தது: கச்சர்களை விட்டுவிட்டு வாருங்கள். கப்பல்களில் மனிதர்களுக்கே இடமில்லை. அந்தச் சில நாட்களில் 3,38,000 பேரை ஏற்றினார்கள். இன்னொரு கம்பெனி வேறு முனையில் சிறைப்பட்டது.

எங்கள் கச்சர்களுக்குக் குளம்பில் எண் சுட்டிருக்கும். நான் மாற்றலாகிப் போனபோது என்னுடையதின் கயிற்றை அடுத்தவன் கையில் கொடுத்தேன். சரி, அவன் பார்த்துக்கொள்வான் என்று நம்பித்தான் கொடுத்தேன். அப்போதும் திரும்பிப் பார்க்காமல் நடக்க முடியவில்லை. கயிற்றை வாங்க யாருமே இல்லாத இடத்தில் அவிழ்த்துவிட்டு, கடலைப் பார்த்து நடப்பது எப்படி?

இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

மார்ச் 16
முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியாவிலிருந்து 1,30,000-க்கும் மேற்பட்ட குதிரைகள் கடல் தாண்டின. ஊர் திரும்பியது ஒன்றே ஒன்று, சாண்டி. பிரிட்டிஷ் படை எகிப்தில் விற்றுவிட்டுப் போன குதிரைகளை, டோரதி புரூக் என்ற பெண்மணி 1930-ல் கெய்ரோ தெருக்களில் பார்த்தார். எலும்பும் தோலுமாக வண்டி இழுத்துக்கொண்டிருந்தன. ராணுவம் அடையாளமாகச் சூடு போட்ட அம்புக்குறி மட்டும் தோலில் அழியாமல் இருந்தது. பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, ஆயிரக்கணக்கில் அவற்றை விலைக்கு வாங்கினார். பலவற்றைப் பிழைக்க வைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். வலியில்லாமல் முடித்துவைப்பதற்கு முன் சில நாள் நல்ல தீவனமும் படுக்கையும் கொடுத்தார்.

லாயத்தில் கனமாக வைக்கோல் பரப்பியிருப்பார்கள். வாசலில் கால் வைத்ததும் அவை தயங்கி நிற்குமாம். தலையைத் தாழ்த்தி அந்த மெத்தையை மோந்து பார்த்துவிட்டு, மெதுவாக உள்ளே நடக்குமாம்.