லிஸ்டில் கடைசிப் பெயர்

"ஏனுங்ணா, நான் உங்க ஊர்ப்பக்கம்ங்கறதாலதான் என் பேரைப் போட்டீங்களா?"

கோபிச்செட்டிபாளையத்துப் பையன் எங்கள் பட்டாளத்து ஆபீஸ் வாசலில் நின்று கேட்டான். "மேலிருந்து வந்த ஆர்டர் தம்பி" என்றேன். ஆர்டர் மேலிருந்து வந்தது உண்மைதான். பெயரை எழுதியது நான்.

புது பட்டாலியன், அதாவது சில கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவு, எழுப்பும்போது ஆள் வானத்திலிருந்து குதிப்பதில்லை, இருக்கிற பட்டாலியன்களிலிருந்து கம்பெனிக்கு இத்தனை பேர் என்று எடுப்பார்கள். இதற்குப் பட்டாளத்தில் 'மில்கிங்' என்றே பெயர். மாடு வளர்க்கிற நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பெயர் குறைவாக வந்தது. சாயங்காலத்துக்குள் நாமினல் ரோல் என்கிற பெயர்ப் பட்டியல் போயாக வேண்டும். அந்தக் கம்பெனி சுபேதாரிடம் கேட்டதற்கு, "மூணு பேர்ல யாரையாவது நீயே போட்டுக்க" என்று சொல்லிவிட்டார். மூன்று பேரில் ஒருவன்தான் நம் பக்கம். கோயமுத்தூர்க்காரன் கோயமுத்தூர்க்காரனுக்குத்தான் பார்ப்பான் என்று ஏற்கெனவே என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் அவன் பெயரை எழுதினேன். அவன் கேட்டது சரிதான், ஊர்க்காரன் என்பதால்தான் போட்டேன்.

இல்லை, யாராவது ஒருவர் போய்த்தானே ஆக வேண்டும்? புது பட்டாலியனில் காலியிடம் அதிகம், பதவி உயர்வு சீக்கிரம் வரும், அவனும் அப்படித்தான் ஹவில்தார் ஆனான். இப்படிச் சொல்லிக்கொண்டால் ஒரு வாரம் தாங்கும். அப்புறம் அந்த வாசல் நினைவுக்கு வரும்.

ராணுவ மேப்பில் ஒரு கட்டம் போட்டு, தலையில் ஒரு பெருக்கல் குறி இட்டால் சில பட்டாலியன்கள் சேர்ந்த பிரிகேட், இரண்டு இட்டால் சில பிரிகேடுகள் சேர்ந்த டிவிஷன். குறியை அழித்து எழுத ஒரு நிமிஷம் போதும். ரஷ்யா 2008-ல் டிவிஷன்களைக் கலைத்து பிரிகேடுகளாக்கப் புறப்பட்டது, 2013-ல் இரண்டு டிவிஷன்களை மறுபடி உண்டாக்கியது. நம் ராணுவத் தளபதி 2025 ஜூலை 26 அன்று கார்கில் பக்கம் திராஸில் ருத்ரா என்ற புது வகை பிரிகேடுகளையும் பைரவ் என்ற புது வகை பட்டாலியன்களையும் அறிவித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இதற்கு எந்த ஆபீஸில் எந்தக் கிளார்க் லிஸ்ட் எழுதிக்கொண்டிருப்பான் என்பதுதான். காலாட்படை, பீரங்கி, டாங்கி எல்லாம் ஒரே பிரிகேடுக்குள் இருப்பது நல்லதுதான், சண்டை அப்படி மாறிவிட்டது, மாற்றக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு செக்‌ஷன் என்பது பத்துப் பேர். யார் குறட்டை விடுவான், யாருக்கு வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை என்பது வரைக்கும் தெரிந்த பத்துப் பேர். அதில் ஒருவனை உருவி எடுத்தால் எண்ணிக்கையை ஈடுகட்டிவிடலாம்.

அன்றைக்கு "ஆமாம் தம்பி, நான்தான் போட்டேன்" என்று சொல்லியிருந்தால் அவன் என்னைத் திட்டியிருப்பான். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இல்லை, சொல்லியிருந்தால் வேண்டாத கசப்போடு போயிருப்பானோ?

போன தை மாதம் கோபியில் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். "வாங்ணா, சாப்புடலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டான்: "நம்ம கம்பெனில இப்ப யாருங்ணா சுபேதாரு?"

அவன் கேட்டது பழைய கம்பெனியை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ரசம் வந்தது. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.