மூன்றாவது முறைதான் ரெண்டாங் ஆனது

ரெண்டாங் என்பது இறைச்சியைத் தேங்காய்ப்பாலில் வற்ற வற்றச் சமைப்பது. முதல் இரண்டு முறை நான் சமைத்தது ரெண்டாங்கே இல்லை. நல்ல மாட்டிறைச்சிக் குழம்பு, சோற்றுக்கும் ரொட்டிக்கும் தீர்ந்துபோனது, அவ்வளவுதான். அதைச் சொன்னவர் எதிர்வீட்டு மாக்சிக். வயதில் மூத்த பெண்ணை மலாய்க்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய தாத்தா இந்தோனேசியாவில், மேற்குச் சுமத்ராவின் புக்கிட்திங்கியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த மினாங்கபாவ் இனத்தவர், சுருக்கமாக மினாங். ஒவ்வொரு ஹரி ராயாப் பெருநாளுக்கும் மாக்சிக் கொடுத்தனுப்பும் டப்பாதான் எனக்கு இந்த ஆசையை மூட்டியது.

முதல் முறை நம் வழக்கப்படி செய்தேன். எண்ணெய் காய்ந்ததும் விழுதை வதக்கி, இறைச்சியைப் பிரட்டி, பாக்கெட் தேங்காய்ப்பால் ஊற்றி, குக்கரில் ஆறு விசில். திறந்தால் இறைச்சி பூவாக வெந்திருந்தது, பால் அப்படியே நின்றது. அதை வற்றவைக்கக் கிளறக் கிளறத் துண்டெல்லாம் நார் நாராகப் பிரிந்தது. உப்பை வேறு ஆரம்பத்திலேயே கணக்காகப் போட்டிருந்தேன். பால் சுண்டச் சுண்டக் கரிப்பு ஏறி, கடைசியில் உருளைக்கிழங்கு போட்டுச் சமாளித்தேன். இதை மாக்சிக்கிடம் சொல்லவே இல்லை.

இரண்டாவது முறை குக்கரைத் தொடவில்லை. மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்றேன். பழுப்பு நிறத்தில் கெட்டியாக வந்தது, பெருமையாகக் கிண்ணத்தில் எடுத்துப் போனேன். கரண்டியால் ஓரத்தை வழித்துப் பார்த்த மாக்சிக், "இனி காலியோ, பெலும் ரெண்டாங்" என்றார். இது காலியோ, இன்னும் ரெண்டாங் ஆகவில்லை என்று அர்த்தம்.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. பால் தண்ணியாக இருக்கும்போது அது குலாய். வற்றிப் பழுப்பாகி, குழம்பு துண்டில் ஒட்ட ஆரம்பித்தால் காலியோ. அதற்கும் மேலே போய் ஈரமெல்லாம் ஓடி, கருத்து உலர்ந்தால்தான் ரெண்டாங். ஒரே சட்டிக்கு நேரத்தைப் பொறுத்து மூன்று பெயர். மினாங் மொழியில் 'ரண்டாங்' என்பதே இப்படி நிதானமாக வற்றவைக்கும் வேலையைத்தான் குறிக்கும்.

என் கை பழகியதற்கு இது நேர் எதிர். நாம் முதலில் வதக்கி, பிறகு கொதிக்கவிடுவோம். மாக்சிக் வீட்டுச் சட்டியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊற்றுவதில்லை. எல்லாவற்றையும் பாலிலேயே போட்டுக் கொதிக்கவைத்து, பாலிலிருந்து பிரியும் எண்ணெயில் கடைசியாக வறுக்கிறார்கள். 2018இல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் சமையல் போட்டியில் கோழி ரெண்டாங்கின் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொன்னபோது, இந்தோனேசியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து கொதித்ததே, அது சும்மா இல்லை. பாலில் மணிக்கணக்காக வேகும் தோல் எப்படி மொறுமொறுக்கும்?

மூன்றாவது முறைக்கு கேலாங் செராய் சந்தைக்குப் போனேன். கால் சதை ஒரு கிலோ, இரண்டு அங்குலத் துண்டுகளாக. சின்னதாக வெட்டினால் கடைசிக் கிளறலுக்குத் தாங்காது. பாக்கெட் பாலில் எண்ணெய் சரியாகப் பிரியவில்லை என்று தோன்றியதால் மூன்று தேங்காயைத் துருவிப் பிழிந்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, லெங்குவாஸ் (பேரரத்தை), சிவப்பு மிளகாய், பச்சை மஞ்சள் எல்லாம் அரைத்தது. தட்டிய செராய் (எலுமிச்சைப் புல்) மூன்று தண்டு, லிமாவ் பூருட் என்ற வாசனை எலுமிச்சை இலை ஐந்து, முடிச்சுப் போட்ட மஞ்சள் இலை ஒன்று. புளிப்புக்கு அசாம் கண்டிஸ் இரண்டு துண்டு, நம் குடம்புளிக்குச் சொந்தக்காரன். மலேசியப் பக்கம் வறுத்து இடித்த தேங்காயான கெரிசிக்கும் சேர்ப்பார்கள். மாக்சிக்கிடம் அதைப் பற்றிக் கேட்காமலிருப்பது நல்லது.

காலை பத்து மணிக்குப் பற்றவைத்தேன். பால் கொதிக்கும்வரை கையை எடுக்கக்கூடாது, எடுத்தால் திரிந்துவிடும். பிறகு மூடி போடாமல் சின்னத் தீயில் விட்டு, அவ்வப்போது ஒரு கிளறல். பன்னிரண்டரைக்குக் காலியோ. ஓரத்தில் எண்ணெய் மிதந்தது, போன முறை இங்கேதான் இறக்கியிருந்தேன். இந்த முறை விடவில்லை. ஒன்றரைக்குச் சட்டியின் சத்தமே மாறியது. தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது சடசடவென்று பொரிய ஆரம்பித்தது. வேகவைத்த தேங்காய் வாசம் போய் வறுத்த தேங்காய் வாசம் தாழ்வாரம்வரை போனது. உப்பை அப்போதுதான் சரிபார்த்தேன். அடி பிடிக்கப் பார்க்கும், அதனால் கடைசி ஒரு மணி நேரம் கைபேசியைத் தொடவே முடியாது. இரண்டரைக்கு இறக்கும்போது ஒரு கிலோ இறைச்சி பாதி மாதிரிதான் தெரிந்தது.

ஈரம் போனதால்தான் இது கெடாமல் இருக்கிறது. பிழைப்புத் தேடி ஊர்விட்டுப் போகும் 'மெரந்தாவ்' வழக்கமுள்ள மினாங் மக்களுக்கு வழிச்சோற்றுக்குத் துணை இதுதான். எங்கள் வீட்டில் மூன்று நாளுக்குள் சாப்பிட்டே தீர்த்துவிட்டோம். இரண்டாம் நாள்தான் சுவை உச்சம், காரம் துண்டின் நடுவரை இறங்கியிருந்தது.

மாக்சிக் ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தார், நிறம் இன்னும் கொஞ்சம் கருத்திருக்கலாம் என்றார். ஆனால் காலியோ என்று சொல்லவில்லை. சட்டியில் ஒட்டிக்கிடந்த கரிய விழுதில் நான் சுடுசோற்றைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். தங்கள் வீட்டில் அந்தச் சட்டிச் சோற்றுக்குத்தான் சண்டையே நடக்கும் என்று சொல்லிவிட்டு, அவரும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.